சோல் பாடிய அத்தையோடு ரூவிக்கு ஒரு பஸ் பயணம்

போன பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, என் மாமியாரை அழைத்துக்கொண்டு துபாயிலிருந்து மஸ்கட்டுக்குப் பஸ்ஸில் போனேன். ஊர் சுற்றிப் பார்க்கும் எண்ணம் இல்லை. சில மாதங்களாக அவர் சொல்லிவந்த கதைகள் உண்மையில் நடந்தவைதானா என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

அத்தையின் பெயர் பியூலா. எழுபத்தாறு வயது. சென்னை பெரம்பூர்க்காரர். மாமா தவறிய பிறகு துபாய் அல் குசைஸில் எங்களோடு இருக்கிறார். அந்தக் குளிர்காலத்தில் இரண்டு முறை கேஸ் அடுப்பை அணைக்காமல் விட்டுவிட்டார். ஒருநாள் என்னைத் தன் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தம்பி இறந்து பல வருடம் ஆகிறது. அதே சமயத்தில்தான் புதிதாக ஒரு பேச்சும் ஆரம்பித்தது. அறுபதுகளின் கடைசியில், மவுண்ட் ரோடு பக்கம் ஒரு ஹாலில், ஆறு பேர் பேண்டோடு தான் ஆங்கில சோல் பாட்டுகள் பாடியதாகச் சொன்னார்.

என் மனைவி ஷீபாவுக்கு இது பெரிய பயமாகிவிட்டது. "எங்கம்மா சர்ச் கொயர்ல பாடினாங்க, அவ்ளோதான். ஹோட்டல் ஹால்ல எல்லாம் பாடல. எங்கேயோ கேட்டதெல்லாம் கலந்துக்குது" என்றாள். அவளுடைய பெரியம்மா ஒருவர் இப்படித்தான் ஆரம்பித்து, கடைசியில் பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் போனார். மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டோம்.

எனக்குப் பழைய இசையில் ஆர்வம் உண்டு. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டும் ப்ளூஸ் இசையும் கலந்து அறுபதுகளில் ஓங்கி ஒலித்தது சோல். கடவுளைக் கூவி அழைத்த அதே குரல் வெளியே வந்து காதலையும் பிரிவையும் உரிமையையும் பாடியது. பின்னால் சாக்ஸபோன், டிரம்பெட், ஆர்கன். அது சென்னைக்குக் கப்பலில் வந்த இசைத்தட்டுகள் வழியாகவும் சிற்றலை வானொலி வழியாகவும் வந்து சேர்ந்தது என்று படித்திருக்கிறேன். ஆனால் அதைப் பாடியவர் என் வீட்டு அடுப்படியில் நிற்கிறார் என்றால் நம்பச் சிரமமாகத்தான் இருந்தது.

பழைய சோல் பாட்டுகள், அவை ஒலித்த ஹால்கள் பற்றிய நினைவுகளைப் பகிரும் ஒரு இணையக் குழுவில் நான் இருக்கிறேன். அதில் சென்னை ஹால்களைப் பற்றி யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன். மஸ்கட்டின் ரூவி பகுதியிலிருந்து ஜோயல் என்பவர் பதில் போட்டார். அவருடைய அப்பா எட்வின் அந்தக் காலத்தில் மெட்ராஸில் டிரம்ஸ் வாசித்தவராம். எந்த ஹால் என்று மகனுக்குத் தெரியாது. அப்பாவுக்குக் காது அடைத்துவிட்டதால் போனில் பேச முடியாது, நேரில் வாருங்கள் என்றார்.

அத்தை சொன்ன டிரம்மரின் பெயரும் எட்வின்தான். ஆனால் பெரம்பூரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு எட்வின் மேல்தான் விழும். அதனால் அத்தையின் கதை எதையும் ஜோயலிடம் சொல்லவில்லை. ஒருவரை அழைத்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். நாமே எடுத்துக்கொடுத்து அவரும் தலையாட்டிவிட்டால் பிறகு என்ன பிரயோஜனம்?

பஸ் காலை ஏழரைக்குக் கிளம்பியது. துபாயிலிருந்து மஸ்கட் ஏறக்குறைய 450 கிலோமீட்டர். எல்லையில் ஆகும் நேரத்தையும் சேர்த்தால் ஆறு, ஆறரை மணி நேரம். ஓமானுக்கு இ-விசா முன்கூட்டியே எடுத்துவிட்டோம். அத்தை எங்கள் ஸ்பான்சரில் ரெசிடென்ஸ் விசாவில் இருப்பதால் திரும்பி வருவதில் பிரச்சினை இல்லை. அம்மா அப்பாவை விசிட் விசாவில் வைத்திருப்பவர்கள் கவனம்: சிங்கிள் என்ட்ரி என்றால் எல்லை தாண்டியதோடு அந்த விசா முடிந்தது.

ஹத்தா மலைகள் தொடங்கியதும் அத்தைக்குப் பேச்சு வந்துவிட்டது. ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஹால் மாடில இருந்துச்சு மாப்பிள்ளை. ஞாயித்துக்கிழமை காலைல பதினோரு மணிக்கு ஷோ. மெட்ராஸ்ல அப்போ மதுவிலக்கு. லைம் ஜூஸும் கட்லெட்டும்தான். அதைக் குடிச்சிட்டே என்னமா ஆடுவாங்க தெரியுமா! கால் வழுக்கணும்னு தரைல கேரம் போர்டு பவுடர் தூவுவாங்க. எனக்கு மைக் எட்டாது. அதனால ஒரு மரப்பெட்டி போட்டு அது மேல நிப்பேன்."

"வேற என்ன ஞாபகம் இருக்கு அத்தை?"

"ஒரு தடவ அமெரிக்கக் கப்பல்காரங்க நாலு பேர் வந்தாங்க. கறுப்பு ஆளுங்க. நாங்க பாடுறதைக் கேட்டு ஒருத்தர் மேடையில ஏறிட்டாரு. அடிக்க வந்துட்டாரோன்னு நான் பயந்துட்டேன். அவரு, 'கைதட்டுறது தப்பா இருக்கு'ன்னாரு. நாலு எண்ணுற தாளத்துல நாங்க ஒண்ணு, மூணுல தட்டுவோம். சோல்ல ரெண்டுலயும் நாலுலயும் தட்டணுமாம். ஹால் முழுக்க அத்தனை பேரையும் தட்ட வெச்சாரு."

கேட்க அருமையாக இருந்தது. ஆனால் கதை அளவுக்கு மீறி அழகாக இருந்ததாலேயே எனக்குச் சந்தேகம் கூடியது. ஷீபா சொன்னது சரிதானோ என்று தோன்றியது.

எல்லையில் எல்லோரும் இறங்கிப் பைகளை வரிசையாக வைத்துவிட்டு கவுண்டருக்குப் போனோம். ஓமான் அதிகாரி அத்தையின் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, எதற்காகப் போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அத்தை நிமிர்ந்து, "டு மீட் மை டிரம்மர், சார்" என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

ரூவியில் இறங்கியபோது மணி இரண்டு. அறை வாடகை பதினைந்து ரியால், கீழேயே உடுப்பி ஹோட்டல். மறுநாள் காலை ஜோயல் வீட்டுக்கு டாக்சி பிடித்தோம். டிரைவர் ஓமானி, நன்றாக ஹிந்தி பேசினார். மூன்று ரியால் கேட்டார், இரண்டுக்கு ஒத்துக்கொண்டார். அத்தை வழி நெடுக முடியைச் சரிசெய்துகொண்டே வந்ததைக் கண்ணாடியில் பார்த்தவர், "மம்மி கல்யாணத்துக்குப் போறாங்களா?" என்று கேட்டார். "இன்டர்வியூ" என்றேன். "மாஃபி முஷ்கில், பிரச்சினையே இல்ல, இன்ஷா அல்லாஹ் கிடைச்சிடும்" என்றார்.

எட்வினுக்கு எழுபத்தெட்டு வயது. ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து, சாப்பாட்டு மேசையின் முன் உட்கார்ந்திருந்தார். அத்தையைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"யாருடா இவங்க?" என்று மகனைக் கேட்டார்.

ஜோயல் அவருடைய இடது காதருகே குனிந்து, "பியூலாவாம் டாடி! மெட்ராஸ்!" என்று கத்தினார்.

"பிலோமினாவா? எந்த பிலோமினா?"

அத்தையின் கை என் சட்டை ஓரத்தைப் பிடித்தது. பாவம், இத்தனை தூரம் அழைத்து வந்து இவரைக் காயப்படுத்திவிட்டேனே என்று நினைத்தேன். திரும்பிப் போய்விடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அத்தை மேசைக்கு எதிரே போய் நின்றார். உள்ளங்கையால் மேசையைத் தட்டத் தொடங்கினார். இரண்டாவது அடி, நான்காவது அடி. எட்வினின் கை மேசை மேல் இருந்தது. அந்த அதிர்வு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அத்தை பாடினார். என்னிடம் அதுவரை பாடிக் காட்டியதே இல்லை. குரல் கரகரத்தது. மேல் ஸ்தாயி எட்டவில்லை. ஆனால் தோள்கள் இரண்டும் தாளத்தில் ஏறி இறங்கின. சர்ச் கொயரில் யாரும் தோளை அப்படி அசைக்க மாட்டார்கள்.

எட்வின் அவருடைய வாயையும் தோளையும் மாறி மாறிப் பார்த்தார். விரல்கள் தாமாக மேசையில் ஓட ஆரம்பித்தன. சட்டென்று நிறுத்தினார்.

"ஏய் பியூலா! பொட்டி எங்க? பொட்டி மேல நிக்காம எப்படிப் பாடுற நீ?"

நான் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.  மாதக்கணக்காக வீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

பிறகு நாங்கள் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கப்பல்காரர் கதையை எட்வினே சொன்னார். அவர் சொன்னதில் வந்தவர்கள் மூன்று பேர். கைதட்டக் கற்றுக்கொடுத்த பிறகு அவர்களில் ஒருவர் சாக்ஸபோனையும் வாங்கி வாசித்தாராம். "நாலு பேர்!" என்று அத்தை விரல் காட்டினார். "மூணு! நாலாவது ஆள் நம்ம லைட் போடுற பையன்!" பேண்டின் கோட்டு சிவப்பு என்றார் அத்தை. நீலம் என்றார் எட்வின். ஜோயல் உள்ளே போய் ஒரு போட்டோவை எடுத்து வந்தார். கறுப்பு வெள்ளை. ஆறு பேர் வரிசையாக நிற்க, நடுவில் பெட்டி மேல் ஒரு பெண். கோட்டின் நிறம் இன்றுவரை தீர்ப்பாகவில்லை.

எட்வின் எழுபதுகளின் பாதியில் மஸ்கட் வந்தவர். அப்போது வளைகுடா ஹோட்டல்களில் கோவாக்காரர்களும் இலங்கைக்காரர்களும் மெட்ராஸ்காரர்களும் சேர்ந்து வாசித்தார்களாம். வெள்ளைக்காரர்கள் அதிகம் கேட்டது சோல் பாட்டுகளைத்தான். "லைம் ஜூஸுக்கு ஆடினவங்களப் பார்த்துட்டு வந்தேன். இங்க வேற ஜூஸ்" என்று கண்ணடித்தார். பிறகு கீபோர்டு வந்தது. ஆறு பேர் பேண்ட் மூன்றானது, இரண்டானது. எட்வின் விழாக்களுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் கடை போட்டார். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறார். அந்த ஸ்பீக்கர்கள்தான் காதைத் தின்றுவிட்டன என்றார், வருத்தமில்லாமல்.

பால்கனிக்குப் போய் ஷீபாவைப் போனில் கூப்பிட்டேன். "உங்கம்மா பாடினது நிஜம். பொட்டி நிஜம். கப்பல்காரர் நிஜம்."

 மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "அப்போ கேஸ் அடுப்பை அணைக்க மறந்தது?"

"அந்த மறதியை டாக்டர் பாக்கட்டும். இது கலந்துபோன கதை இல்ல, அதுதான் விஷயம்."

"போனை அவங்ககிட்ட குடுங்க." உள்ளே வந்து ஸ்பீக்கரில் போட்டேன். "ஏம்மா என்கிட்ட சொல்லவே இல்ல?"

"உங்கப்பா வீட்டுல அதெல்லாம் ஆகாதுடி. கல்யாணம் நிச்சயமானதும் நிறுத்திட்டேன். அவரும் கெட்டவர் இல்ல, வீட்டுப் பேச்சை மீற மாட்டாரு. அவர் இருக்கிறப்போ சொன்னா மனசு கஷ்டப்படுவாருன்னு விட்டுட்டேன். இப்போ சொன்னா நீ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறே."

ஷீபா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் அதே நிலைதான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் திரும்பினோம். அடுத்த வாரம் மருத்துவர் பார்த்தார். வைட்டமின் பி12 மிகவும் குறைந்திருக்கிறது, மறதிக்கு அது காரணமாக இருக்கலாம், வயதுக்கேற்ற சில்லறை மறதியும் உண்டு, இப்போதைக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஊசி போட்டுவருகிறோம். அடுப்பைத் தானாக அணைக்கும் வால்வு ஒன்றும் வாங்கி மாட்டிவிட்டோம்.

இதே பாதையில் வயதானவர்களோடு போகிறவர்களுக்கு: முன்வரிசை இருக்கை கேட்டு வாங்குங்கள். எல்லையில் இறங்கி ஏறுவது எளிது. அங்கே ஒரு மணி நேரம் வரை ஆகலாம், மாத்திரையும் தண்ணீரும் பெரிய பையில் வேண்டாம், கையில் இருக்கட்டும். யூஏஇ தாண்டும்போது ஒரு சிறு கட்டணம் உண்டு. வெள்ளிக்கிழமை ரூவியில் பகலில் பாதிக் கடைகள் மூடியிருக்கும். யாரையாவது சந்திக்கப் போகிறீர்கள் என்றால் அடுத்த நாளை முழுதாக ஒதுக்குங்கள். நான் பத்து மணிக்குப் போய் பன்னிரண்டுக்குக் கிளம்பலாம் என்று நினைத்திருந்தேன். சாயங்காலம்தான் விட்டார்கள்.

மஸ்கட்டில் பார்க்க வேண்டிய இடங்கள் எவை என்று என்னைக் கேட்காதீர்கள். மசூதி, அரண்மனை, மீன் சந்தை எதையும் நாங்கள் பார்க்கவில்லை. ஈத் விடுமுறைக்கு மறுபடி டிக்கெட் போட்டிருக்கிறோம். இந்த முறை ஷீபாவும் வருகிறாள். அப்போதும் மசூதி பார்க்க நேரம் இருக்குமா என்று தெரியவில்லை. அம்மாவைப் பற்றி எட்வினிடம் கேட்க அவளுக்கு நிறைய இருக்கிறதாம்.