அதை யார் காலி பண்ணுவாங்க?

காரவன் வாடகைக்கு விடுவது என்றால் கடல், மலை, கங்காரு என்று நினைத்துத்தான் நானும் இறங்கினேன். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, இது முழுக்க முழுக்க அடுத்தவர் வீட்டு அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது என்பதைப் பற்றிய தொழில். கல்யாண மண்டபம் நடத்துகிறவர்கள், மேன்ஷன் நடத்துகிறவர்கள், வந்த விருந்தாளி கிளம்பாமல் தவித்தவர்கள் எல்லாரும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். என் துக்கம் உங்களுக்குத்தான் புரியும்.

மெல்பர்னில், கேரம் டவுன்ஸில் எங்கள் யார்டு. மல்கிரேவில் பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, யாழ்ப்பாணத்துக்காரரான சிவா அண்ணனோடு சேர்ந்து நாலு காரவன், அதாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற வீட்டு வண்டிகள், வைத்திருக்கிறேன். பழுது பார்ப்பது அவர். திட்டு வாங்குவது நான்.

காரவனில் கழிவுக்கு இரண்டு தொட்டிகள். பாத்திரம் கழுவுகிற, குளிக்கிற தண்ணீர் வண்டிக்கு அடியில் உள்ள பெரிய தொட்டிக்குப் போகும். நிறுத்துகிற இடத்தில் ஒரு குழாயை மாட்டி வால்வைத் திறந்துவிட்டால் அது சாக்கடைக்குள் வடிந்துவிடும். கக்கூசுக்குத் தனியாக ஒரு சின்னத் தொட்டி. கேசட் என்று பெயர். விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பெட்டி மாதிரி சக்கரமும் கைப்பிடியும் வைத்திருக்கும். நிரம்பினால் சிவப்பு விளக்கு எரியும். அதை உருவி, உருட்டிக்கொண்டு போய், காரவன்கள் வந்து தங்குகிற பார்க்கில் அதற்கென்றே இருக்கும் டம்ப் பாயின்டில் கொட்டிக் கழுவ வேண்டும். இவ்வளவுதான் பாடம். சாவி கொடுக்கும்போதே நடித்தும் காட்டுவேன். எல்லாரும் தலையாட்டிவிட்டு, டிவி ரிமோட் எங்கே என்று கேட்பார்கள்.

வடித்த கஞ்சி

சேலத்து முருகேசன் குடும்பம் ஆறு பேர் படுக்கிற வண்டியை எடுத்துக்கொண்டு போனது. போன இடத்தில் சிநேகிதர்கள் வேறு வந்து சேர்ந்துகொண்டார்கள். நம் ஆட்கள் சுற்றுலா போனால் சாண்ட்விச் தின்றுவிட்டுப் படுப்பார்களா? பெரிய குண்டானில் உலை வைத்து, சோறு வடித்து, கஞ்சியை அப்படியே சிங்கில் கொட்டி, மேலே ரசப் பாத்திரத்தையும் கழுவி ஊற்றியிருக்கிறார்கள். வால்வைத் திறக்கச் சொன்னது யாருக்கும் ஞாபகமில்லை. தொட்டி நிரம்பிவிட்டால் தண்ணீர் என்ன செய்யும்? இருப்பதிலேயே தாழ்வான ஓட்டை எதுவோ அது வழியாக மேலே வரும். காரவனில் அது குளியலறைத் தரை.

முருகேசன் பதறிப்போய் போன் பண்ணினார். பின்னால் குழந்தைகள் கைதட்டிச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"சார், குளிக்கிற எடத்துல கீழருந்து ரசம் வருது சார். கருவேப்பிலையோட வருது."

மரத்துக்கு நல்லது

மெல்பர்னிலிருந்து இரண்டு மணி நேரம் கார் ஓட்டினால் ஒரு கடலோரப் பார்க் வரும். எங்கள் பிழைப்பே அங்கேதான். வாடகைக்காரர்களை மற்ற பார்க்குகள் அவ்வளவாகச் சேர்ப்பதில்லை. அதன் மேனேஜர் டெப்பி என்கிற வெள்ளைக்கார அம்மாள். கண்டிப்பானவர். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எங்கள் நாலு வண்டியும் அங்கேதான் நிற்கும். அந்த வருமானம்தான் குளிர்காலம் முழுக்க எங்களுக்குச் சோறு போடுகிறது.

அங்கே போன யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர், குழாயைச் சாக்கடையில் மாட்டுவதற்குப் பதிலாக ஒரு யூகலிப்டஸ் மரத்தடியில் நீட்டிவிட்டு வால்வைத் திறந்திருக்கிறார். மரத்தைச் சுற்றி ஒரே சேறு, பருப்பு, வெங்காயத் தோல். பக்கத்துக் கூடாரக்காரர் புகார் கொடுத்துவிட்டார். டெப்பி போனில் என்னைக் காய்ச்சி எடுத்தார். இனி ஒரு சொட்டுக் கழிவு தரையில் விழுந்தால், அது எந்தத் தொட்டித் தண்ணீராக இருந்தாலும் சரி, உங்கள் வண்டி ஒன்றுகூட என் கேட்டுக்குள் வராது என்றார். அந்தக் கேட் மூடினால் நான் மறுபடியும் மல்கிரேவுக்கே பேட்ஜ் மாட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

அன்ரியைக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொன்னேன். அவர் அசையவில்லை.

"தம்பி, அது ஊத்தைத் தண்ணி இல்லை, குசினித் தண்ணி. மரத்துக்கு நல்லது எண்டு அந்த டெப்பிப் பிள்ளைக்கு வடிவா விளங்கப்படுத்தும்."

பூஜை போட்ட வண்டி

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வண்டியை யார்டிலிருந்து நேரே கோயிலுக்கு இழுத்துப்போய்ப் பூஜை போட்டார். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம், நெற்றியில் சந்தனம், உள்ளே பிள்ளையார் படம். வாடகை வண்டிதான், இருந்தாலும் பக்தி சொந்தம். சாமி இருக்கிற வண்டியில் கக்கூஸ் போகக்கூடாது என்று வீட்டில் தீர்மானம். அந்த ஒரு வாரமும் மழையிலும் குளிரிலும் குடையைப் பிடித்துக்கொண்டு பார்க்கின் பொதுக் கழிப்பறைக்கே நடந்திருக்கிறார்கள்.

வண்டி திரும்பி வந்ததும் கேசட்டை உருவிப் பார்த்தேன். பளபள என்று புதுசு மாதிரி இருந்தது. இந்தத் தொழிலில் இறங்கி அன்றைக்குத்தான் மனசார சந்தோஷப்பட்டேன். அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். ஆனால் கக்கூஸ் கதவைத் திறந்தால் ஏதோ மண் வாசனை.

"சுத்தமா வெச்சிருந்தோமுங்க. அந்தக் கோப்பை மேலதானுங்க வெங்காயம், உருளைக்கெழங்கு எல்லாம் வெச்சுப் பொழங்கினோம்."

சிவப்பு விளக்கு

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ரவிச்சந்திரன் என்பவர் வந்தார். மல்கிரேவில் ஒரு கம்பெனியில் பெரிய பதவி. கேசட்டை உருவிக் காட்டினேன். இரண்டு அடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

"அதை யார் காலி பண்ணுவாங்க?"

"நீங்கதான் சார்."

"இல்ல, ஆள் யார் வருவாங்கன்னு கேட்டேன்."

"ஆள் நீங்கதான் சார்."

நான் ஜோக் அடிப்பதாக நினைத்துச் சிரித்தார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் போன் வந்தது. விளக்கு சிவப்பாக எரிகிறதாம், வீட்டில் ஐந்து பேராம், உடனே ஆள் அனுப்ப வேண்டுமாம். நானும் கெஞ்சினேன். இனிமேல் யாரையும் உள்ளே விடாதீர்கள், தளும்பி வழிந்தால் டெப்பி நாலு வண்டியையும் வெளியே தள்ளிவிடுவார் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. எங்கள்ல இதெல்லாம் தொட மாட்டோம். உங்களுக்குப் பழக்கமா இருக்கும். ஆமா, நீங்க ஊர்ல எந்தப் பக்கம்?"

"மதுரை."

"மதுரைல எங்க? அப்பா என்ன பண்ணிட்டிருந்தார்?"

இந்தக் கேள்வியின் வால் எங்கே போய் முடியும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடல் தாண்டி வந்து, சிட்டிசன் ஆகி, ஓட்டும் போட்ட பிறகு, கக்கூஸ் தொட்டியை வைத்துக்கொண்டு என் அப்பாவை விசாரிக்கிறார் மனுஷன். உடம்பெல்லாம் எரிந்தது. "சார், லைட் செவப்பா இருக்கு, அதைப் பாருங்க" என்று வைத்துவிட்டேன். கோபம் கோபமாக இருந்தாலும் கேட் டெப்பியினுடையது. காரை எடுத்தேன்.

சிவா அண்ணனும் கூட வந்தார். நடந்ததைச் சொன்னதும் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"எங்கட ஆக்கள் மட்டும் என்ன திறமோ? 'ஊரில நீங்கள் எவடம்' எண்டு கேப்பினம். இடத்தைச் சொன்னாப் போதும், மிச்சத்தை அவையே கண்டுபிடிப்பினம்."

டம்ப் பாயின்ட்

போகிற வழியெல்லாம் அவரிடம் என்ன சொல்வது என்று வசனம் தயார் பண்ணிக்கொண்டே போனேன். இந்தாருங்கள் கையுறை, இதுதான் உங்கள் தொட்டி, உள்ளே இருப்பதும் உங்களுடையது, நான் பக்கத்தில் நிற்கிறேன், நீங்களே ஊற்றுங்கள். நல்ல வசனம். சொல்ல வாய்க்கவில்லை.

பார்க்குக்குள் நுழைந்தால், டம்ப் பாயின்டில் அரைக்கால் சட்டையும் செருப்புமாக ஒரு பெரிய வரிசை. ஆளுக்கு ஒரு கேசட்டைப் பிடித்துக்கொண்டு கிரிக்கெட் ஸ்கோர் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் நம் ரவிச்சந்திரன்! அவருக்கு முன்னால் வெள்ளை முடியோடு ஒரு வெள்ளைக்காரர். ரிடையர் ஆன நீதிபதியாம், பக்கத்துக் காரவனாம். தன் கேசட்டைக் கவிழ்த்து, காற்றுப் போகிற பட்டனை அழுத்திப் பிடிக்காவிட்டால் மேலே தெறிக்கும் என்று பொறுமையாகக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ரவிச்சந்திரன் "யெஸ் சார், யெஸ் சார்" என்று குனிந்து கேட்டு, தன்னுடையதையும் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார். கழுவினார். நீதிபதியுடைய கேசட்டையும் வாங்கி அலசிக் கொடுத்தார். பிறகு இரண்டு பேரும் கேசட்டும் கையுமாக ஒரு செல்ஃபி.

டெப்பி ஆபீஸ் வாசலிலிருந்து எனக்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். பிழைப்புத் தப்பித்தது. நிம்மதியாக இருந்தது, மறைப்பானேன். ஆனால் அந்த நிம்மதிக்குள்ளேயே ஏதோ ஒன்று குமட்டிக்கொண்டு வந்தது. அது தொட்டி வாசனை இல்லை.

ரவிச்சந்திரன் என்னைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே வந்தார். கேசட்டை என் காலடியில் வைத்துவிட்டு, தோளில் கை போட்டார்.

"ஜட்ஜே பண்றார் சார்! இது கௌரவமான வேலைன்னு நீங்க மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

கக்கூஸ் தொட்டி நிரம்பினால் ஒரு விளக்கு எரியும், கொட்டவும் பார்க்குக்குப் பார்க் இடம் உண்டு. ஊரிலிருந்து நம்மோடு விமானம் ஏறி வந்ததைக் கொட்டத்தான் இந்த ஆஸ்திரேலியாவில் ஒரு டம்ப் பாயின்ட் கிடையாது.