ஆற்றில் இரண்டு ஊற்று

எங்கள் ஆறு மேற்கே மலையில் பிறந்து, செஞ்சியைத் தாண்டி ஓடி, புதுச்சேரிப் பக்கம் கடலில் கலக்கிறது என்று வாத்தியார் நீலச் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டினார். எனக்குச் சிரிப்பாக வந்தது. நான் அறிந்த ஆறு, வருஷத்தில் பத்து மாதம் எங்கும் போகாமல் மணலாகப் படுத்துக் கிடக்கும்.

கரையோரம் எங்கள் ஊர் மொத்தமே பன்னிரண்டு வீடு. கிணற்றில் ஒரே உப்பு. அதனால் குடிதண்ணீருக்கு ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கசிகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். பாகப்பிரிவினையில் ஒரு புளியமரத்துக்காக நைனாவும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்தியபோது எங்கள் ஊற்றும் இரண்டானது. பத்தடி தள்ளிச் சித்தப்பா தனியாக ஒன்று தோண்டிக்கொண்டார்.

"அந்த வூட்டுக்காரங்களோட யாரு பேசுனாலும் எங்கிட்ட வந்து சொல்லு" என்று நைனா என்னைக் காவலுக்குப் போட்டார். எட்டு வயதில் அதைவிடப் பெரிய உத்தியோகம் எனக்குக் கிடைத்திருக்காது.

சித்திரையில் ஒரு நாள், தண்ணீருக்குப் போன அம்மா வெயில் ஏறியும் திரும்பவில்லை. தேடிப் போனேன். இரண்டு குடமும் தளும்ப நிறைந்து நின்றன. அம்மா தலையை அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்க, பின்னால் உட்கார்ந்து சித்தி பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் அப்படியொரு சிரிப்பு.

"இரு, நைனாகிட்ட சொல்றேன்!"

சித்தியின் முகம் செத்துவிட்டது. எனக்கும் அவளைப் பிடிக்கும்தான்; ஆனால் உத்தியோகம் என்று ஒன்று இருக்கிறதே.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லாதடி கண்ணு. சொன்னா நாளையிலேர்ந்து என்ன ஆத்துக்கே வுட மாட்டாரு. அப்புறம் தண்ணிக்கு நீதான் வரணும்."

குடத்தின் கனத்தை யோசித்துப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

"இன்னாடி உங்கம்மாவுக்கு இவ்ளோ நேரம்?" என்று நைனா கேட்டபோது, "ஊத்துல தண்ணி ஊறவே மாட்டேங்குது நைனா" என்றேன். அவர் நம்பினார். நான் சொன்ன முதல் பொய் அது, நன்றாகவே சொன்னேன்.

ஐப்பசியில் ஆறு வந்தது. ஊரே கரையில் நின்று கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டது. ஊற்றுகள் இரண்டும் தண்ணீருக்கடியில் போயின. வெள்ளம் வடிந்து ஆறு தெளிந்ததும், பெண்கள் கரையிலேயே குடத்தை முக்கி எடுத்துக்கொண்டு நிமிஷத்தில் வீடு திரும்பினார்கள். அம்மாவும் அப்படித்தான் வந்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு மாசத்துக்கு நீ அங்க உக்காந்து கெடக்கவே வேணாம்மா" என்றேன்.