ஓட்டக்கார ஏழுமலையும் ஒரு வாய்க்காலும்

செய்தி எனக்கு அரைகுறையாகத்தான் வந்தது. வில்லியனூர்க் கடைத்தெருவில் புளி வாங்கிக்கொண்டிருந்தேன். கடலூரிலிருந்து வந்த பஸ்ஸில் இறங்கிய ஒருவர், "பாகூர் ஏழுமலை போயிட்டாராம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். பாகூரில் எனக்குத் தெரிந்தே மூன்று ஏழுமலைகள் உண்டு. கரும்பாலைக்கார ஏழுமலைக்கு வயதாகிவிட்டது, அவராகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து, அவருக்காக ஒரு பெருமூச்சும் விட்டுவிட்டு, புளியோடு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை பார்த்தால் கரும்பாலைக்கார ஏழுமலையே வண்டி கட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்கிறார். "இன்னா வாத்தியாரே, இன்னும் கெளம்பலியா? ஓட்டக்கார ஏழுமலையாச்சே!" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்த மனிதரிடம் நான் கேட்க வேண்டிய ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

நீங்களெல்லாம் அவரை அறிந்தவர்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு யாராவது எனக்கு விளக்கம் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

எங்கள் சின்னக் கல்லூரியில் ஒரு காலத்தில் ஓட்டக்குழு ஒன்று இருந்ததாம். நான் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தபோது அதன் மிச்சமாக இருந்தது சாயம்போன ஒரு கொடிதான். அதையும் கரும்பலகை துடைக்க எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழுவை மறுபடி உண்டாக்கத்தான் ஏழுமலையைக் கூட்டிவந்தார்கள். அவர் பாகூர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பெரிய சண்டைக்குக் கப்பலேறிப் போய்த் திரும்பிய சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். பிரான்சில் சேற்று வயல்களில் கூட்டம் கூட்டமாக ஓடும் பந்தயத்தைப் பார்த்தவர் என்பதுதான் அவருக்கு இருந்த தகுதி. மாலையில் எனக்கு வகுப்பு இல்லை என்ற ஒரே குற்றத்துக்காக என்னை அவருக்குத் துணையாகப் போட்டார்கள்.

முதல் நாள் பட்டாளத்து பூட்சைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வந்தார். "வாத்தியாரே, இந்தப் பந்தயத்துக்கு இன்னா கணக்கு?" என்றார். அவரும் வாத்தியார், நானும் வாத்தியார். கடைசிவரை ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டோம். ஒவ்வொரு குழுவிலும் முதல் ஐந்து பேர் எத்தனையாவதாக வந்து சேர்கிறார்களோ அந்த எண்களைக் கூட்ட வேண்டும், குறைந்த கூட்டுத்தொகை உள்ள குழு ஜெயிக்கும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "அப்போ மொதல்ல வரவன் பொழைச்சிக்குவான். அஞ்சாவதா வரவனத்தான் நாம பாக்கணும்" என்றார். கணக்கு வாத்தியார் நான், எனக்கு அது அதுவரை தோன்றியதில்லை. அன்றே அவரைப் பிடித்துப்போனது.

சொன்னபடியே செய்தார். எங்களில் வேகமானவன் கலியபெருமாள், பாகூர்க்காரன், ஏரிக்கரையில் மாட்டை விரட்டியே கால் வளர்த்தவன். அவனை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். கடைசியில் வருபவன் தணிகாசலம், வில்லியனூர் வெல்ல மண்டிக்காரர் மகன், வெல்லத்தைக் கணக்கில்லாமல் தின்றவன் என்பது உடம்பிலேயே தெரியும். வாத்தியார் எந்நேரமும் அவன் பக்கத்தில்தான். கலியபெருமாள் ஒருநாள் ஆற்றாமையோடு, "நான் மொதல்ல வந்தேனுங்க" என்று போய் நின்றான். "வந்தா வா. அதுக்கு இன்னா இப்போ?" என்று திருப்பி அனுப்பினார். அந்தப் பையன் என்னிடம் வந்து, இந்த ஆளுக்கு நம்மைப் பிடிக்குமா பிடிக்காதா என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை என்றேன்.

பயிற்சி பாகூர்ப் பக்கம் நடந்தது. ஏரிக்கரையில் தொடங்கி, வரப்பும் வாய்க்காலுமாகப் போய்க் கிருமாம்பாக்கம் ரோட்டைத் தொட்டுத் திரும்ப வேண்டும். முதல் நாள் எங்கள் பையன்கள் ஓடுவதைப் பார்த்த நடவுக்காரர்கள், மாடு திருட வந்தவர்கள் ஓடுகிறார்கள் என்று எண்ணிவிட்டார்கள். கையிலிருந்த நாற்றைப் போட்டுவிட்டுத் துரத்தினார்கள். அதில் ஒருவர் எங்கள் பையன்கள் மூன்று பேரைத் தாண்டியே போய்விட்டார். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். வாத்தியாரோ அந்த ஆளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குப் படிப்பு வருமா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அந்த ஆளுக்கோ கல்யாண வயதில் பெண் இருந்தாள்.

ஊர்க்காரர்களைச் சமாளித்துவிட்டோம். எல்லைதான் எங்களைப் படாதபாடு படுத்தியது. நம் மண் எப்படிக் கிடக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வயல் பிரெஞ்சு, அடுத்த வயல் இங்கிலீஷ், அதற்கடுத்தது மறுபடியும் பிரெஞ்சு. அரிசியும் பருப்பும் கலந்து கொட்டினாற்போல. நேராக ஓடுகிறவன் எல்லையைத் தாண்டாமல் ஓடவே முடியாது. சுங்கச் சேவகர்களுக்கு ஓடுகிறவன் என்றால் சரக்கு கடத்துகிறவன். ஒருநாள் குழு முழுவதையும் பிடித்துச் சாவடியில் உட்கார வைத்துவிட்டார்கள். அரைக்கால் சட்டையைத் தவிர வேறொன்றும் இல்லாத பையன்களிடம் எதைத்தான் தேடினார்களோ! நான் போய்க் கெஞ்சிக் கூத்தாடி மீட்டு வந்தேன்.

அன்றுதான் வாத்தியார் அந்தச் சட்டத்தைப் போட்டார். "எல்லை வாய்க்கால் வந்தா நில்லுங்க. நடந்து தாண்டுங்க. அந்தாண்ட போயி ஓடுங்க. ஓடறவனத்தான்டா புடிப்பான். நடக்கறவன எவன் பாக்கறான்?" மறுநாளிலிருந்து பையன்கள் வாய்க்காலைக் கண்டதும் நின்று, சந்தைக்குப் போகிற குடியானவர்களைப் போல் நிதானமாகத் தாண்டி, அப்புறம் பாய்ந்தார்கள். சேவகர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு இருந்தார்கள். கொஞ்ச நாளில் யாரும் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. ஓட்டம் சொல்லித் தருகிறவர் ஒருநாளாவது ஓடிக் காட்டக் கூடாதா என்று சீண்டினேன். "சண்டையில ஓடுன்னு சொன்னப்போ ஓடினவன் எல்லாம் அங்கியே கெடக்கிறான் வாத்தியாரே. நான் நடந்தேன்" என்றார். இதை வருத்தமாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். தணிகாசலத்தின் காலில் தைத்திருந்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தப் பந்தயத்துக்கு வருகிறேன். கல்லூரி முதல்வர் எங்களைக் கூப்பிட்டுப் பட்டணத்துக் கல்லூரிக் குழுவை இந்த முறை ஜெயிக்காவிட்டால் ஓட்டக்குழுவை மூடிவிடுவதாகச் சொல்லிவிட்டார். குழு போனால் வாத்தியாருக்கும் வேலை போகும். அது எங்களுக்கும் பையன்களுக்கும் தெரியும். பந்தயம் வில்லியனூர் ஆற்றோர வயல்களில். முந்தின நாள் மத்தியானம் நானும் அவரும் பாதை முழுவதும் நடந்து பார்த்தோம். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வாய்க்கால் குறுக்கிட்டது. "இது எல்லை இல்லையே?" என்று கேட்டேன். "இல்ல, ரெண்டு பக்கமும் நம்ம மண்ணுதான்" என்றார். அதாவது, அவருக்குத் தெரியும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். அவருக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் நாங்கள் இருவரும் அந்த வாய்க்காலின் இக்கரையில் நின்றோம். கலியபெருமாள் முன்னால் வந்தான். பின்னாலேயே நம் பையன்கள் இருவர், அப்புறம் பட்டணத்துப் பையன்கள். கொஞ்சம் தள்ளித் தணிகாசலம்கூட இரண்டு பேரை முந்திக்கொண்டு வந்தான்! என் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. கலியபெருமாள் வாய்க்காலுக்கு வந்தான். நின்றான். நடந்து தாண்டினான். அடுத்தவனும் நின்று நடந்தான். அதற்கடுத்தவனும். பட்டணத்துப் பையன்கள் ஒரே தாவலில் எகிறிக் குதித்துப் போனார்கள். "கத்துங்க வாத்தியாரே!" என்று அவர் கையைப் பிடித்து உலுக்கினேன். அவர் வாயைத் திறக்கவில்லை. "ஓடுங்கடா!" என்று தொண்டை கிழிய நானே கத்தினேன். பையன்கள் என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார்கள். தணிகாசலமும் வந்து, நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தே தாண்டினான். கூட்டுத்தொகையில் நாங்கள் தோற்றது ஒரே ஓர் எண்ணில்.

குழுவை மூடினார்கள். வாத்தியாரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசல் வரை கூடவே போனேன். "அது எல்லை இல்லன்னு முந்தின நாளே பையன்கள்ட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். "சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகும் அவர் பாகூரில் பையன்களைச் சேர்த்து ஓடவிட்டுக்கொண்டுதான் இருந்தார். கொடி இல்லை, கல்லூரி இல்லை, எதிர்க்குழுவும் இல்லை. எதற்காக ஓடுகிறார்கள் என்று கேட்டால், "காலு இருக்குதே" என்பார். பொங்கலுக்குக் கரும்புக் கட்டோடு என் வீட்டுக்கு வருவார். ஊர்க் கதையெல்லாம் பேசுவார். அந்த வாய்க்காலை மட்டும் பேச மாட்டார். இன்று கேட்கலாம், நாளை கேட்கலாம் என்று நானும் காலத்தைத் தள்ளிவிட்டேன்.

அவர் உயிர் போனது கடலூர்ப் பக்கம், மகள் வீட்டில். நான் போய்ச் சேர்ந்தபோது கலியபெருமாளும் தணிகாசலமும் அங்கே இருந்தார்கள். இருவருக்கும் இப்போது மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது. வாயை அடக்க முடியாமல் அந்த வாய்க்காலைப் பற்றி அவர்களிடமே கேட்டேன்.

"முந்தின நாளு சாயங்காலமே சொல்லிட்டாருங்கய்யா" என்றான் கலியபெருமாள். "அது எல்லை இல்லடா, எகிறிக் குதிங்கன்னு."

"இன்னா பேசற நீ?" என்று தணிகாசலம் பாய்ந்தான். "அப்படிச் சொல்லவே இல்ல. எந்த வாய்க்காலா இருந்தாலும் நடந்தே போங்கடான்னுதான் சொன்னாரு. எங்கிட்ட தனியாவும் சொன்னாரு."

"உங்கிட்ட ஆயிரம் சொல்லுவாரு. எங்க எல்லாரையும் வச்சித்தான் சொன்னாரு."

"சொல்லியிருந்தா நீ ஏன்டா நடந்த?" என்று நான் கலியபெருமாளைக் கேட்டேன்.

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். "காலு நின்னுடுச்சிங்கய்யா" என்றான்.

பிணத்தை வைத்துக்கொண்டு இதென்ன சண்டை என்று மகள் உள்ளிருந்து அதட்டினாள். ஒருவன் சொல்வது உண்மையானால், பையன்கள் செய்த பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு வேலையை விட்டுப் போனார் அவர். மற்றவன் சொல்வது உண்மையானால், ஜெயிக்க வேண்டிய பந்தயத்தை அவரே தோற்கடித்தார். அவரைத் தெரிந்த எனக்கு இரண்டுமே நம்பும்படியாக இருக்கின்றன. அதுதான் என் கஷ்டம்.

பாகூர் மண்ணில்தான் கொள்ளி வைக்க வேண்டும் என்று அவருடைய அண்ணன் பிடிவாதமாக இருந்தார். வண்டியில் ஏற்றினோம். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் போய்ச் சேர வேண்டுமென்று அண்ணன் மாட்டை முடுக்கினார். கலியபெருமாளும் தணிகாசலமும் இன்னும் சிலரும் வண்டியை ஒட்டி ஓடினார்கள். தொந்தியைப் பிடித்துக்கொண்டு நானும் ஓடினேன். எல்லைச் சாவடி கண்ணில் பட்டது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கலியபெருமாள் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்தினான். எல்லோரும் நின்றார்கள். பிறகு நடந்தார்கள்.

"பொணத்துல இன்னாத்த சோதிக்கப் போறேன்? மழ வருது, ஓடுங்கப்பா!" என்று சேவகர் கத்தினார்.

"ஓட்டுங்கடா!" என்று அண்ணனும் கத்தினார்.

யாரும் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. வண்டியில் கிடந்தவரைப் பார்த்துக்கொண்டே, எல்லையை நடந்து தாண்டினோம். நம் பக்கத்து மண்ணில் கால் வைத்ததும் முதலில் ஓடத் தொடங்கியவன் தணிகாசலம்.

அவர் பையன்களிடம் என்ன சொன்னார் என்பது எனக்கு இனித் தெரியப்போவதில்லை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அவர் ஓட்டம் சொல்லித் தந்ததில்லை. நடந்து தாண்டு என்று ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை. அன்று சாவடிக்கு முன்னால், கயிற்றைக் கலியபெருமாள் பிடிப்பதற்கும் முன்பே, என் கால் நின்றுவிட்டது.