தில்லைநாதன் வாங்கிய மலிவுத் துவக்கு

1958இல் கரவெட்டியில் பிறந்து 1986இல் ஒஸ்லோவில் வந்திறங்கிய தில்லைநாதன், தன் ஐம்பதாவது வயதில் முதன்முதலாக ஒரு துவக்கு வாங்கினார். சுடுவதற்கு அவர் தேர்ந்தெடுத்த எதிரி கடதாசி. வெள்ளைக் கடதாசியில் ஒரு கறுப்பு வட்டம், அவ்வளவுதான். முதல் சில மாதங்கள் அந்த வட்டத்துக்கு அவரால் எந்த ஆபத்தும் நேரவில்லை.

தில்லைநாதன் பஸ் ஓட்டுகிறார். கூட வேலை செய்யும் டெர்யே ஒரு குளிர்காலத்தில் அவரைத் தன் சுடும் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். பாடசாலை ஒன்றின் நிலக்கீழ் அறை. பாயில் குப்புறப் படுத்து, காதை மூடிக்கொண்டு, சின்னச் சன்னம், அதாவது சிறிய குண்டு, போடும் துவக்கால் சுடவேண்டும். நாள் முழுக்க “இந்த பஸ் அங்கே போகுமா, இங்கே நிற்குமா” என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லும் மனிதருக்கு, காதை மூடிக்கொள்ளச் சொல்லிக் கட்டளையிடும் இடம் சொர்க்கமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

ஒரே குறை, கழகம் இரவல் தரும் துவக்கு உயரமான ஆட்களுக்காகச் செய்தது. தில்லைநாதனின் கை விசையை எட்டினால், தோளில் வைக்கும் கட்டையைக் கன்னம் எட்டாது. ஆகவே சொந்தமாக ஒன்று, விலை குறைவாக, வாங்கலாம் என்று நினைத்தார். கழகத்தில் அதை வைக்க இடமில்லை, வீட்டில்தான் வைக்கவேண்டும். பொலிஸ் அனுமதி தந்துவிட்டது. வீட்டில் அனுமதி தரவேண்டியவர் மனைவி உதயகுமாரி.

“துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இஞ்சை காசு குடுத்து வாங்கப் போறியளோ?” என்றார் அவர்.

“அது வேற துவக்கு, குமாரி. இது சின்னச் சன்னம். விளையாட்டுக்கு.”

“சின்னச் சன்னம் எண்டால் மெல்லமாய்ச் சாகலாமோ?”

மகள் சாருகா மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். “அம்மா, அப்பா பேப்பரைத்தான் சுடுறார். அதுவும் படுகிறேல்லையாம், டெர்யே சொன்னவர்.”

“நீர் பேசாமல் இரும்,” என்றார் தில்லைநாதன் மகளிடம்.

உதயகுமாரி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முதலில் போய்ப் பார்க்கலாம் என்று தில்லைநாதன் டெர்யேயோடு துவக்குக் கடைக்குப் போனார். பார்க்கும் விஷயத்தில் அவர் பெயர்போனவர். சோறு அவிக்கும் மின்பானை வாங்க அவர் ஒஸ்லோவின் கடைகளை ஒரு மாதம் சுற்றியதை அவர்கள் குடியிருக்கும் ஸ்டோவ்னரில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

கடைப் பையன் புதுத் துவக்கு ஒன்றை எடுத்து வைத்தான். தொலைநோக்கி பூட்டியது, விசையை அழுத்த அழுத்தச் சன்னம் தானாக ஏறிச் சுடுவது. தில்லைநாதன் குறொன்லாண்ட் மரக்கறிக் கடையில் கேட்கும் அதே தொனியில் கேட்டார்: “கடைசி விலை என்ன?” பையன் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்து, அதில் இருந்ததையே மறுபடி வாசித்தான்.

டெர்யேயின் அறிவுரை எளிது. துவக்குக்குக் குறைவாகக் கொடு, மிச்சத்தைச் சன்னத்தில் போடு. குழாயின் உட்புறம் பளபளப்பாக இருக்கிறதா, விசை இழுபடாமல் நேராக விழுகிறதா, கட்டை தோளுக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார். தில்லைநாதன் பாவித்த துவக்குகள் இருந்த பக்கம் போய் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். செக் நாட்டில் செய்த பழையது ஒன்று, ஒவ்வொரு சன்னத்துக்கும் கையால் இழுத்துத் தள்ளவேண்டியது, தோளில் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. முன்பு வைத்திருந்தவர் தன் பன்னிரண்டு வயது மகளுக்காகக் கட்டையை அறுத்துக் குறைத்திருந்தார். இதைத் தில்லைநாதன் ஒருவரிடமும் சொல்லவில்லை. டெர்யே எல்லோரிடமும் சொன்னான்.

காசை எடுக்கப் போனபோது பையன் கேட்டான்: “இரும்பு அலுமாரி இருக்கிறதா?” துவக்கைப் பூட்டி வைக்க நோர்வேஜியர்கள் ‘வோப்பன்ஸ்காப்’ என்று சொல்லும் அலுமாரி வேண்டும். அலுமாரி பாரம் குறைந்தது என்றால் அதைச் சுவரோடு பொருத்தவும் வேண்டும். அதன் விலை துவக்கின் விலையை விட அதிகம். தில்லைநாதன் அதற்கும் கடைசி விலை கேட்டார்.

விலை குறைந்த அலுமாரி பாரமும் குறைந்தது; அதைப் பொருத்த வீட்டில் காங்கிறீற்றுச் சுவர் படுக்கையறையில் மட்டும்தான் இருந்தது. அங்கே உதயகுமாரியின் சேலை அலுமாரி நின்றது.

“அது அசையாது,” என்றார் உதயகுமாரி.

இரண்டு கிழமை அது அசையவில்லை. பிறகு பக்கத்துக் கட்டிடத்தில் ஒரு குடும்பம் கலியாணவீட்டுக்குப் போயிருந்த நேரம், வீடு உடைத்து நகை களவு போனது. அடுத்த நாள் உதயகுமாரி தேத்தண்ணிக் கோப்பையைக் கணவர் முன்னால் வைத்துக்கொண்டே கேட்டார்.

“இஞ்சாருங்கோ, அந்த இரும்பு அலுமாரிக்குள்ள தட்டு இருக்கோ?”

சேலை அலுமாரியை அவரே தள்ளினார். துவக்கு வீட்டுக்கு வந்தது. அதன் தலைக்கு மேல் தட்டில் அட்டியலும் காப்புகளும் பதக்கச் சங்கிலியும் குடியேறின. தில்லைநாதன் செவ்வாய் தோறும் நிம்மதியாகக் குப்புறப் படுத்தார். வட்டத்தில் துளைகள் விழத் தொடங்கின.

பிறகு ஒரு சனிக்கிழமை கலியாணம் வந்தது. உதயகுமாரி கூறைச் சேலை உடுத்து முடிக்கும்போது தில்லைநாதன் பஸ்ஸில் இருந்தார். அலுமாரியின் ஒரே சாவியான திறப்பும் அவர் சட்டைப்பையில் இருந்தது. தரிப்பிடத்தில் நின்றபோது அடித்த தொலைபேசியை எடுத்தார்.

“திறப்பை ஆரிட்டையாவது குடுத்து விடுங்கோ.”

“ஏலாது குமாரி. அனுமதி உள்ள ஆள் மட்டும்தான் திறக்கலாம். பொலிஸ் வந்து பாத்தால் துவக்கையும் எடுத்துப் போடுவாங்கள், அனுமதியும் போயிடும்.”

“என்ர அட்டியலுக்கு ஆரின்ர அனுமதி?”

தில்லைநாதன் தொலைபேசியைப் பையில் வைத்தார். பஸ்ஸைக் கிளப்பினார்.

உதயகுமாரி தாலிக்கொடியோடு மட்டும் போனார். மண்டபத்தில் கேட்டவர்களுக்கெல்லாம், “மிச்சத்தைத் துவக்கு காவல் காக்குது,” என்றார். மேடையில் மணமக்கள் இருக்க, சனம் உதயகுமாரியின் கழுத்தைப் பற்றிக் கதைத்தது.

வீடு திரும்பிய தில்லைநாதன் சப்பாத்தைக் கழற்றுமுன் தீர்ப்பு வந்தது.

“நகை வெளியில எண்டால் கள்ளன் கொண்டுபோவான். உள்ள எண்டால் உங்கட கையைப் பாத்துக்கொண்டு இருக்கவேணும். ரெண்டும் எனக்குச் சரிவராது. துவக்கை வித்துப்போட்டு அலுமாரியை வைச்சிருங்கோ.”

தில்லைநாதன் நிலத்தைப் பார்த்தார். “இப்பதான் நடுவில பட வெளிக்கிட்டது, குமாரி,” என்றார் மெதுவாக.

சாருகா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, “அம்மாவும் அனுமதி எடுத்தால்?” என்று கேட்டாள்.

உதயகுமாரி கணவரை ஏற இறங்கப் பார்த்தார். “அந்தக் கிளப்பில பொம்பிளையளைச் சேர்ப்பினமோ?”

“பாதிப் பேர் பொம்பிளையள்தான்.”

“ஓகோ. இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

கழகத்தின் பாதுகாப்பு வகுப்பு வரும் செவ்வாய்க்கிழமை மாலை தொடங்குகிறது. அதன்பின் பல மாதப் பயிற்சி முடிந்தால்தான் அவர் பொலிஸ் அனுமதி கேட்கலாம். உதயகுமாரி பெயர் பதிந்துவிட்டார். அன்றைக்குத் தில்லைநாதன் வீட்டில் நின்று சமைக்கிறார்.