பிடிமண் வந்த டிராலிப் பாதை

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கூடத்தில் காதுக்கு வேலை கிடையாது. அத்தனை தறியும் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. வாயைப் பார்த்துத்தான் பேச்சு. "நூல் அந்துருச்சு", "மேஸ்திரி வாராரு", "டீ வந்துருச்சு" எல்லாமே உதட்டிலிருந்து கண்ணுக்குப் போகும். வெள்ளத்தாய் அங்கே வேலைக்குச் சேர்ந்தது எண்பத்து மூன்றாம் வருடம் ஐப்பசியில். அதற்கு முந்தைய ஆடியில்தான் அவள் புருஷன் முத்துவீரன் அணைக்குள் செத்துப்போனான். மகள் செல்லத்தாய்க்கு அப்போது ஏழு வயது.

முத்துவீரன் எப்படிச் செத்தான் என்பதற்குச் சொந்தக்காரர்கள் ஒரு பதில் வைத்திருந்தார்கள். வெள்ளத்தாய் அதை ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை.

அவர்களுடைய பழைய ஊர் மேலப்பொட்டல். மலையடிவாரத்தில் அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன ஊர். சனங்களுக்குச் சேத்தூர்ப் பக்கம் காலனி போட்டுக் கொடுத்தார்கள். அம்மி, உரல், கதவு, நிலை எல்லாம் லாரியில் வந்து சேர்ந்தன. குலசாமி கருப்பன் வரவில்லை. சாமியை இடம் மாற்றுவதென்றால் பழைய கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து வந்து புது இடத்தில் வைக்க வேண்டும். மண் வந்தால்தான் சாமி வந்ததாக அர்த்தம். லாரி சொன்ன நாளுக்கு முந்தியே வந்து நின்ற அவசரத்தில் பிடிமண் எடுப்பதை எல்லாரும் மறந்துபோனார்கள். ஞாபகம் வந்து திரும்பிப் போனபோது கோயிலுக்கு மேல் தண்ணீர் நின்றது.

அதற்குப் பிறகு காலனியில் மாடு செத்தாலும் கருப்பன் வராததுதான் காரணம், மழை பொய்த்தாலும் அதுதான் காரணம். எண்பத்து மூன்றில் மழை சுத்தமாகப் பொய்த்தது. அணை வற்றிக் கோயில் பீடம் வெளியே தெரிந்தது. கூடவே டிராலிப் பாதையும் தெரிந்தது.

அணை கட்டக் கல் கொண்டுபோவதற்காகக் குவாரியிலிருந்து கரை வரைக்கும் ஒரு சின்னத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். கல் ஏற்றிய டிராலியை ஆட்கள் தள்ளிக்கொண்டு போவார்கள். முத்துவீரனும் அவன் அண்ணன் கருத்தப்பாண்டியும் வாலிபத்தில் டிராலி தள்ளியவர்கள். வேலை முடிந்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்து ஏலம் போட்டுவிட்டார்கள். சரளை மேடு மட்டும் மிச்சம். நீர்த்தேக்கத்தின் ஓரமாகவே வளைந்து வந்து, பாதி தூரத்துக்குமேல் தண்ணீருக்குள் இறங்கிவிடும். வற்றிய வருடத்தில் கோயிலுக்குப் போக அந்த மேடு ஒன்றுதான் கெட்டித் தரை. இரண்டு பக்கமும் வண்டல். மேலே காய்ந்து வெடித்துக் கிடக்கும், அடியில் கூழ்.

மண் எடுக்கக் கருத்தப்பாண்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். துணைக்கு முத்துவீரன். பங்காளிகளில் மூத்தவரான மலைச்சாமி அந்தப் பழைய கோயிலில் வைத்தே விதியைச் சொன்னார்: "மண்ணு கைக்கு வந்துட்டா வாயத் தொறக்கக் கூடாது. கீழ வைக்கக் கூடாது. என்ன சத்தம் கேட்டாலும் திரும்பக் கூடாது. பழகுன கொரல்ல கூப்பிட்டுச் சோதிப்பான் கருப்பன். ஏமாந்துராதலே."

சொல்லிவிட்டு அவரும் மற்றவர்களும் டிராலிப் பாதையிலேயே திரும்பிப்போய், மேளக்காரர்களோடு அணைக்கரையில் காத்திருந்தார்கள். மண் எடுக்கும் இடத்தில் கூட்டம் இருக்கக் கூடாதாம்.

கருத்தப்பாண்டி மஞ்சள் துணியில் மண்ணை ஏந்திக்கொண்டு தனியாக வந்தான். பின்னால் வர வேண்டிய தம்பியைக் காணவில்லை. வாய் திறக்க அவனுக்கு அனுமதியில்லை. "முத்துவீரன் பொறத்தாலயே வருவான், நீங்க அடிங்கப்பா" என்று மலைச்சாமி மேளத்தைத் தொடங்கச் சொல்லிவிட்டார். சேத்தூர் வரைக்கும் நடந்து, மண்ணை வைத்து, பூசை முடிந்து, சாயங்காலம்தான் கருத்தப்பாண்டி பேசினான். "தம்பியக் காணோம்."

மறுநாள் தீயணைப்புக்காரர்கள் உடலை எடுத்தார்கள். டிராலி மேடு உடைந்திருந்த ஓர் இடத்தில், அணை கட்டும்போது மண் தோண்டிய பள்ளம் வண்டலுக்கு அடியில் மறைந்து கிடந்திருக்கிறது. தோளில் பூசைச் சாமான் மூட்டையோடு அதில் இறங்கியிருக்கிறான்.

"மீனக் கண்டுட்டு தூரமாப் போயிருக்கான். வெரதத்துல மீனுக்குக் கைய நீட்டுனா கருப்பன் விடுவானா?" என்றார் மலைச்சாமி. அந்த வருடம் வற்றிய குட்டைகளில் ஊரே மீன் அள்ளிக்கொண்டிருந்தது. ஆகவே பேச்சு ஒட்டிக்கொண்டது. உடலை எடுத்த தீயணைப்புக்காரர் ஒருவர் மட்டும் போகிற போக்கில் வெள்ளத்தாயிடம் சொன்னார்: "பாதையோரந்தாம்மா கெடந்தாரு."

பாதையோரம் என்றால் கூப்பிட்டிருப்பான். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். அவள் கருத்தப்பாண்டியின் முன்னால் போய் நின்றாள்.

"அத்தான், அவிய கூப்பிட்டாகளா?"

"காத்துத் தாயி. ஒண்ணும் கேக்கல."

கொஞ்ச நாளில் அவனுக்கு உண்மையாகவே காது கேட்கவில்லை என்றார்கள். ராஜபாளையத்தில் பஞ்சு மில்லில் நூல் பிரிவு வேலை. அந்த இரைச்சலில் காது போவது புதிதல்ல. வருடா வருடம் ஆடியில் நடக்கும் கோயில் கொடை விழாவில் முதல் மரியாதை அவனுக்குத்தான். அவன் தலையில் பரிவட்டம் கட்டிவிட்டு எல்லாரும் காதருகே போய்க் கத்துவார்கள். "என்னது?" என்பான். சின்னப்பிள்ளைகள் பின்னால் நின்று பட்டப்பெயர் சொல்லிச் சிரிக்கும்.

வெள்ளத்தாய் கொடைக்குப் போவதை நிறுத்தினாள். காலனியிலிருந்தே போய்விட்டாள், சத்திரப்பட்டியில் ஒற்றை அறை. ஆனால் பேச்சு முந்திக்கொண்டு போகும். செல்லத்தாய்க்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும் அது தெரிந்தது. செட்டியார்பட்டி வரன் பூ வைக்கும் வரைக்கும் வந்து நின்றது. கான்சாபுரத்துக்காரர்கள் பெண்ணைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டும் போனார்கள். இரண்டு இடத்திலும் விசாரித்தது சேத்தூரில். இரண்டு இடத்திலும் சொன்னது ஒரே காரணம்: சாமி அடித்த வீடு.

"அப்பா மீன் பிடிக்கவாம்மா போனாரு?" என்று செல்லத்தாய் ஒருநாள் கேட்டாள். இருபது வயதுப் பெண். அப்பா முகம் சரியாக ஞாபகமில்லாதவள்.

"இல்ல."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

வெள்ளத்தாய் எழுந்துபோய் அடுப்பை ஊதினாள்.

தொண்ணூற்றாறு சித்திரையில் ஒரு சாவுக்குத் துட்டி கேட்கப் போன வீட்டில் கருத்தப்பாண்டியை அவள் பார்த்தாள். யார் யாரோ வந்து அவனிடம் பேசினார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பேசி முடித்ததும் நிமிர்ந்து "என்னது?" என்றான். அவளுக்குச் சுருக்கென்றது. தறிக்கூடத்தில் காது போன ஆட்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். யாராவது எதிரே வந்தாலே அவர்கள் கண் முதலில் வாய்க்குத்தான் போகும். வேறு வழியில்லை. இந்த மனிதன் ஒரு வாயைக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வருடமும் அணையில் தண்ணீர் இல்லை. ஆடி பிறந்ததும் அவள் காலனிக்குப் போனாள். கருத்தப்பாண்டி வீட்டு வாசலில் நின்று சத்தமாகச் சொன்னாள்: "அத்தான், அவிய செத்த எடத்துல ஒரு சொட்டுப் பால் ஊத்தணும். எனக்கு எடம் தெரியாது. நீங்கதான் காட்டணும்."

அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

ராஜபாளையத்தில் பஸ் மாறி அணை வரைக்கும் போனார்கள். கரையில் நின்று பார்த்தால் நீர்த்தேக்கம் முழுவதும் சாம்பல் நிறம். நடுவில் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர், அதைச் சுற்றிக் கொக்கு. டிராலிப் பாதை கரையின் தென்மூலையில் தொடங்கியது. ஸ்லீப்பர் கட்டைகளை விறகுக்குத் தூக்கிப் போனது போக, மண்ணில் இறுகிய ஒன்றிரண்டு மட்டும் மிச்சம். துருப்பிடித்த ஆணிகள் நீட்டிக்கொண்டு நின்றன. செருப்பைக் குத்தியது சரளை. கருத்தப்பாண்டி முன்னால் போனான். கால் வைக்க வேண்டிய இடம் அவனுக்கு யோசிக்காமலே தெரிந்தது. ஓர் இடத்தில் நின்று, "இங்கன டிராலி கவுந்துரும். நானும் அவனும் முட்டுக் குடுப்போம்" என்றான். அவள் கேட்காமலே சொன்னான். சொன்னபின் வேகமாக நடந்தான்.

ஆடிக்காற்று மலையிலிருந்து எதிரே அடித்தது. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் குனிந்தே நடக்க வேண்டியிருந்தது. போகும்போது எதிர்க்காற்று என்றால் வரும்போது முதுகில் அடிக்கும். முதுகில் அடிக்கிற காற்று பின்னால் வருகிறவனின் குரலை முன்னால்தான் கொண்டுபோகும். இத்தனை வருடம் காற்றைச் சொன்னார்களே, யாராவது ஒருவர் இந்தப் பாதையில் நடந்து பார்த்திருப்பார்களா என்று அவளுக்குத் தோன்றியது.

மேடு உடைந்த இடம் வந்தது. இரண்டு ஆள் அகலத்துக்கு இடைவெளி. பள்ளம் இப்போது தூர்ந்து கோரை முளைத்திருந்தது. கை நீட்டினால் பாதையைத் தொடலாம்.

"இங்கனதான்" என்றான்.

"தூரமாப் போனாருன்னு சொன்னாக?"

"என்னது?"

அவள் மறுபடி கேட்கவில்லை. தூக்குவாளியைத் திறந்தாள். "நீங்க முன்னால போங்க அத்தான். நான் செத்த நேரம் இருந்துட்டு வாரேன்" என்று கையைக் கரைப் பக்கம் காட்டினாள்.

அவன் திரும்பி நடந்தான். அவள் பாலை ஊற்றினாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் சின்னதாகி, பாதையில் இருந்த ஒரு பழைய ஓடைப் பாலத்தின் பக்கம் போகும் வரைக்கும் பொறுத்தாள். பிறகு கூப்பிட்டாள். கத்தவில்லை. வீட்டில் பக்கத்து அறை ஆளைக் கூப்பிடுகிற சத்தம்தான்.

"அண்ணே!"

கருத்தப்பாண்டி நின்றான். திரும்பவில்லை. நின்ற இடத்திலேயே சரளை மேல் உட்கார்ந்துவிட்டான்.

அவள் நடந்து போய் அவன் எதிரே நின்றாள். பிறகு அவள் மெதுவாகவே கேட்டாள்.

"அண்ணேன்னுதான் கூப்பிட்டாகளா?"

"அண்ணேன்னுதான்."

"பேரு சொல்லலயா? என்னமும் சொல்லலயா?"

"காலு போவுதுண்ணேன்னான். சோதனைன்னு நெனச்சேன் தாயி. அவன் கொரலேதான். மலைச்சாமி அண்ணாச்சி அப்படித்தான் வரும்னாரு. அவன் கொரல்லயே வந்துச்சு."

"பொறவு?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"பொறவு நின்னு போச்சு. சோதனை முடிஞ்சுதுன்னு சந்தோசப்பட்டேன்."

அவள் அவனை அடிக்கலாம் என்று நினைத்தாள். கையில் வெறும் தூக்குவாளி. கீழே உட்கார்ந்திருந்தவனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

"கருப்பன் முன்னால சொல்லுவீகளா? எல்லாரும் இருக்கையில?"

"சொல்லுதேன்."

ஆடிக் கடைசி வெள்ளி கொடை. செல்லத்தாயைக் கூட்டிக்கொண்டு வெள்ளத்தாய் கோயிலுக்குப் போய் ஓரமாக நின்றாள். பரிவட்டம் கட்ட மலைச்சாமி துணியை எடுத்தபோது கருத்தப்பாண்டி கையைத் தடுத்தான். பிறகு சொன்னான். தம்பி பாதையை விட்டு எங்கேயும் போகவில்லை, மீனுக்குப் போகவில்லை, தன்னைக் கூப்பிட்டான், தனக்குக் கேட்டது. நான்கே வாக்கியம். மேளம் தானாக நின்றது.

முதலில் யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். "செவிடனுக்குக் கேட்டுச்சாம்லே!"

"எனக்கு நல்லாக் கேக்கும்" என்றான் கருத்தப்பாண்டி. "அன்னைக்கும் கேட்டுச்சு. அதுக்குப் பொறவும் கேட்டுச்சு. நீங்க பொறத்தால பேசுனது அம்புட்டும் கேட்டுச்சு."

சிரிப்பு அதிகமானது. மலைச்சாமி சிரிக்கவில்லை. அவர் கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்.

"அப்ப இத்தன வருசம் ஊர ஏமாத்துனியாலே? ஏமாத்துனவன் இப்பச் சொல்றத மட்டும் நம்பணுமோ? ஏப்பா, இவன் சொல்றது நெசம்னா, தம்பிய முழுங்குன மண்ணையா கொண்டாந்து இங்க வச்சிருக்கான்? இத்தன வருசமா அதையா கும்புடுதோம்?"

அந்தக் கோயிலில் வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளைகள் அங்கே நின்றன. பட்டாளத்துக்குப் போனவர்கள் நேர்ந்து கட்டிய மணிகள் தொங்கின.

"தம்பி செத்த ஏக்கத்துல புத்தி பெரண்டு போச்சு அவனுக்கு" என்று ஒரு பொம்பிளை சொன்னாள். அது எல்லாருக்கும் வசதியாக இருந்தது. இரண்டு பேர் கருத்தப்பாண்டியைக் கைத்தாங்கலாகப் பிடித்து மரத்தடியில் உட்கார வைத்தார்கள். ஒருவன் அவன் காதருகே குனிந்து, "தண்ணி வேணுமா பெரியப்பா?" என்று கத்தினான். பரிவட்டத்தை வேறொருவன் தலையில் கட்டினார்கள். மேளம் மறுபடி தொடங்கியது.

கிடா வெட்டுவதற்கு முன்பே வெள்ளத்தாய் கிளம்பிவிட்டாள். சேத்தூர் ஸ்டாப்பில் கொடைக் கூட்டம். வந்த முதல் பஸ்ஸில் தொற்றி ஏறினார்கள். உட்கார இடமில்லை.

"இனிமே பொண்ணு கேட்டு யாரும் வர மாட்டாக, இல்லம்மா?" என்றாள் செல்லத்தாய்.

"மாட்டாக."

கண்டக்டர் நெருக்கி உள்ளே தள்ளினார். இருவரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ராஜபாளையம் வரப்போகும்போது செல்லத்தாய் அம்மாவின் காதுப்பக்கம் வந்து கேட்டாள்.

"அப்பா கொரல் எப்படிம்மா இருக்கும்?"

வெள்ளத்தாய் பஸ்ஸின் இரைச்சலுக்குள் வாயைத் திறந்தாள். சொல்லத் தெரியவில்லை.