வாய் திறந்த மூன்றாவது வாரம்

வேப்பம்பட்டிலிருந்து அம்பத்தூருக்குப் பன்னிரண்டு வருடம் ஒரே ரயிலில் போய் வந்தேன். கதவோரக் கம்பிதான் என் இடம். எதிரே நாலு பேர் மடியில் துண்டை விரித்துச் சீட்டு ஆடுவார்கள். சுற்றி ஏழு பேர் நின்று கத்துவார்கள். ஒருவரிடமும் நான் பேசியதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், வாய் திறந்தால் ஏதாவது தப்பாகிவிடும் என்று பயம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். தூக்கம் போனது, சோறு இறங்கவில்லை. பட்டறையில் டிரில்லிங் மெஷின் முன்னால் நின்று காரணமில்லாமல் அழுதேன். மனைவி பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். மன அழுத்தம் என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்தார், தினமும் காலையில் ஒன்று.

மூன்றாவது வாரம் அது நடந்தது. ரயில் திருநின்றவூரைத் தாண்டும்போது ஒருவர் தப்பான சீட்டை இறக்கினார்.

"யோவ், அத்த இன்னாத்துக்குப் போட்ட?" என்று யாரோ கத்தினார்கள். யாரோ இல்லை, நான்!

பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"அட, அண்ணாத்தைக்கு வாய் கீதுடா!"

"ஊமைன்னு நெனச்சுகினு இருந்தோமே மாமே!"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆவடி வருவதற்குள் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் நான்தான் பேச்சு. பட்டறையில் மூன்று ஆள் வேலையை ஒருவனே செய்வேன் என்று மேஸ்திரியிடம் சவால் விட்டேன். உடம்புக்குள் யாரோ மேளம் கொட்டுவது போலிருந்தது. அந்தச் சனிக்கிழமை பதினோரு பேரையும் மறுநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டேன்.

"பதினோரு பேரா? உன் மண்டையில இன்னாய்யா வந்துச்சு?" என்றாள் மனைவி.

"சந்தோஷம் வந்துகீது!" என்றேன்.

ஞாயிறு காலை அவள் அடுப்படியிலிருந்து, "எத்தினி படி அரிசி போடறது?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். எனக்குக் கண்ணெல்லாம் எரிந்தது. கை ஓங்கிக்கொண்டு போனேன். கல்யாணமான நாள் முதல் அவள் மேல் நான் கை ஓங்கியதே இல்லை.

அவள் நகரவில்லை. "அடி. அடிச்சிட்டு சொல்லு, எத்தினி படி?"

கை தானாக இறங்கியது. கொல்லைப்புறம் போய்த் தேம்பித் தேம்பி அழுதேன். பன்னிரண்டு மணிக்கு ரயில் கூட்டாளிகள் வந்ததும் பழையபடி துள்ளல். கோழிக் குழம்பை நானே ஓடி ஓடிப் பரிமாறினேன். கிளம்பும்போது, "உன்ன மாதிரி ஆளு கெடைக்கமாட்டான்யா" என்று கட்டிக்கொண்டார்கள்.

அவர்கள் போனபின் மனைவி சொன்னாள்: "காலைல ஒருத்தன், மத்தியானம் ஒருத்தன். நான் எவன்கூடக் குடும்பம் நடத்தறது? டாக்டராண்ட சொல்லு."

"சொன்னா மாத்திரைய நிறுத்திடுவாருடி."

"நிறுத்துனா?"

மறுபடி கதவோரக் கம்பிக்குப் போக எனக்கு மனமில்லை.

ஆஸ்பத்திரியில் எப்போதும் என் பேச்சு ஒரே வார்த்தைதான். எப்படி இருக்கீங்க என்பார் டாக்டர், பரவாயில்ல சார் என்பேன், அடுத்த ஆளின் சீட்டைக் கையில் எடுப்பார். அந்த வாரம் மனைவியோடு போன அன்றைக்கும் பரவாயில்ல என்றேன். அவர் கை அடுத்த சீட்டுக்குப் போனது.

"சார், இல்ல சார்!" என்றேன்.

கொட்டினேன். ரயில், சவால், விருந்து, கோபம், அழுகை எல்லாம். பின்னால் வரிசையிலிருந்து, "அண்ணாத்தே, ஊட்டாண்ட போயி கதை சொல்லு, நாங்களும் பாக்கணும்ல" என்று ஒருவர் கத்தினார். நான் நிறுத்தவில்லை.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: "சில பேருக்கு இந்த மாத்திரையால மனசு இப்படி மேலயும் கீழயும் போகலாம். நீங்களா நிறுத்தக்கூடாது. அளவைக் குறைச்சுத் தரேன்."

"அப்ப நான் பேசினதெல்லாம் மாத்திரையா சார்?"

"எவ்வளவு மாத்திரை, எவ்வளவு நீங்கன்னு எனக்கும் இப்பத் தெரியாது. பார்ப்போம்."

கொஞ்சமாவது நான்தான் என்பதில் எனக்கு எவ்வளவு நிம்மதி! வெளியே மருந்து வாங்கும் வரிசையில் மனைவியிடம் எல்லாவற்றையும் படபடவென்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். பிறகு தன் வளையலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை ஓங்கினதச் சொன்னியா?" என்றாள் மெதுவாக.

சொல்லவில்லை. கோபம் என்று சொன்னேன், கை என்று சொல்லவில்லை.

ஓடினேன். டாக்டர் அறை வரிசையில் இருந்தவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். "எங்க நைனா பூந்துகினு போற?" விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"சார், ஒண்ணு உட்டுட்டேன். பொண்டாட்டிய அடிக்கக் கை ஓங்கிட்டேன் சார்."

அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. டாக்டர் என் சீட்டைத் திரும்பக் கேட்டு வாங்கி, எழுதியிருந்த மருந்தளவை அடித்தார்.

"அவங்க வந்திருக்காங்களா? கூப்பிடுங்க. அவங்க சொல்றதையும் கேட்கணும்."

நான் கதவண்டை வந்து, அந்த நீள வராந்தா முழுக்கக் கேட்கும்படி அவளைக் கூப்பிட்டேன்.