பெரிய ஹோலும் பக்கத்துக் கதவும்

1. டொக்டரிடம் மருந்தில்லை

நான் வேலையை விட்டதற்கு முதல் காரணம் ஒரு பல் டொக்டர்.

அக்கரைப்பற்றில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் ஒபிசில் வீட்டுப் பிளான் கீறிக்கொண்டிருந்தேன். கல்முனையிலிருந்து தினமும் பஸ். எங்கள் முதலாளியை எல்லாரும் சேர் என்போம். கெட்ட மனிதர் இல்லை; ஆனால் அவருக்கு எல்லாமே இப்போதே வேண்டும். விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு எழும்பும்போதே வட்ஸ்அப்பில் அவருடைய குரல் வந்து கிடக்கும். "பிளான் எங்க மிஸ்? மேசன்மார் சைட்ல நிக்கிறாங்க."

தாடை வலி தாங்காமல் ஒருநாள் டொக்டரிடம் போனேன். வாயைத் திறந்து வைத்திருக்கும்போது போன் அடித்தது. எடுக்காமல் இருக்கப் பயம்.

"முன்பக்க எலிவேஷன் முடிஞ்சா மிஸ்?"

"ஆ… ஆ…"

"ஓம் எண்டு சொல்லுங்க. என்னத்துக்கு ஆ ஆ எண்டுறீங்க?"

டொக்டர் கருவியைக் கீழே வைத்தார். "உங்கட பல்லுல ஒண்டுமில்ல. நித்திரையில கடிக்கிறீங்க, அதுதான் நோவு. வலிக்கு மருந்து தாறன். அந்த போனுக்கு என்னட்ட மருந்தில்ல."

வீட்டில் கணவர் அஸ்மியிடம் சொன்னேன். அவர் பார்மசியில் வேலை செய்பவர். "நித்திரையிலயும் 'ஓம் சேர்' எண்டுதானே கதைக்கிற நீ. விட்டுட்டு வீட்டில இருந்து கீறு. ஊரெல்லாம் வீடு கட்டுறாங்கதானே."

விலகல் கடிதத்தைப் பார்த்த சேர் கோபப்படவில்லை. "தனியா இருந்து கீறினா உங்களத் தேடி ஆர் மிஸ் வருவாங்க?" என்று மட்டும் கேட்டார்.

2. முதல் ஆள்

கொஞ்ச காலம் யாரும் வரவில்லை. பகலில் தூங்கினேன். போன் அடிக்காதபோதும் அடித்த மாதிரி இருக்கும், எடுத்துப் பார்ப்பேன்.

பிறகு நிந்தவூரிலிருந்து ஒரு நெல் வியாபாரி கூப்பிட்டார். றசீத் ஹாஜியார். எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வாப்பா முதலில் அவளுக்கொரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். அவர் மகள் சிபானாவுக்கும் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள்.

"ஹோல் பெரிசா வேணும் மகள்," என்றார் ஹாஜியார், அவர் வீட்டுக்குப் போன என்னிடம். "மாப்பிள வீட்டார் வந்தா கண்ணுல படணும். குசினியப் பின்னுக்குச் சின்னனாப் போடுங்க."

தலையாட்டி எழுதிக்கொண்டேன். கை கழுவ உள்ளே போனபோதுதான் குசினியைப் பார்த்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் கேக் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. சிபானா ஒரு கேக்கின் ஓரத்தில் ஐசிங் ரோஜா வைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் ஓடர் ராத்தா. விடிய முன்னமே எழும்பி அடிக்கிறன்," என்றாள். "ஹோலுல வாப்பாட ஆக்கள் இருப்பாங்க. எடுக்க வாற பொம்புளைகளுக்கு நான் ஜன்னலால குடுக்கிற. புது வீட்டில குசினி எங்க வருது?"

"பின்னுக்கு. சின்னனா."

அவள் கேக்கை மெதுவாகத் திருப்பினாள்.

"கல்யாணத்துக்குப் பிறகும் கேக் அடிப்பீங்களா?"

"ஓம். அவருக்கும் அது தெரியும். வாப்பாதான் என்னட்டக் கேக்கல்ல."

3. இது ஆர்ட வீடு?

ஒபிசில் இருந்திருந்தால் சொன்னதைக் கீறி அனுப்பியிருப்பேன். அங்கே வீட்டில் இருக்கப்போகிறவரை நான் கண்டதே கிடையாது. இந்த முறை மனம் வரவில்லை. ஹோலைக் குறைத்து, குசினியை முன்பக்கத்து ஓரத்துக்குக் கொண்டுவந்து, வீட்டோரமாகப் போகும் ஒழுங்கைப் பக்கம் அதற்கென்று தனிக் கதவு வைத்தேன்.

பிளானைப் பார்த்த ஹாஜியாரின் முகம் மாறியது. "இது ஆர்ட வீடு?"

"உங்கட மகள்ற வீடு ஹாஜியார்."

"கட்டுறது நான். சொன்னதக் கீறுங்க. ஏலாட்டி வேற ஆக்களுக்கிட்டக் குடுக்கிறன்."

என் கையில் இருந்தது அந்த ஒரு வேலைதான். "நீங்க சொன்ன மாதிரியும் ஒண்டு கீறித் தாறன். ரெண்டையும் அவக்கிட்டக் காட்டுங்க. அவ சொல்ற பிளான நான் முடிச்சித் தாறன்."

அடுத்த நாளே அதையும் கீறிக் கொடுத்தேன்; இரண்டு தாள்களையும் வாங்கிக்கொண்டு போனார். "முதல் ஆளையே அனுப்பிட்டியா?" என்றார் அஸ்மி. சிரித்தேன், உள்ளே சிரிப்பு இல்லை.

அடுத்த கிழமை ஹாஜியார் வந்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால் சிபானா. கதிரையில் உட்கார்ந்து, "நீயே சொல்லு," என்றார் மகளிடம்.

அவள் ஒழுங்கைப் பக்கத்துக் கதவில் விரலை வைத்தாள். "இது இன்னும் கொஞ்சம் அகலம் வேணும் ராத்தா. மூணு தட்டுக் கேக் நேரா வெளிய போகணும்."

ஹாஜியார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஹோலுல ஒரு அடியாவது கூட்டித் தாங்க," என்றார். கூட்டிக் கொடுத்தேன்.

அந்த வீட்டுக்குக் கேக் எடுக்க வந்த பெண்களில் பலர் பிறகு என்னிடம் பிளான் கேட்டு வந்தார்கள்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றைத்தான் சொல்வேன். காணியின் நீள அகலம் பிறகு. அந்த வீட்டில் விடியற்காலையில் முதலில் எழும்பப்போவது யார் என்று கேளுங்கள். அந்த ஆளிடம் கதைத்துவிட்டு முதல் கோட்டைக் கீறுங்கள்.